வீவக வீட்டுக்கு வருமான வரம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வீட்டுவசதி வளர்ச்சிக் கழக (வீவக) வீடு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் எண் 14,000 வெள்ளி. "உங்களுக்குப் பதினாலாயிரத்துக்கு மேலா, கீழா?" என்று கல்யாணப் பந்தியிலேயே விசாரிக்கிறார்கள். ஆனால் வரம்பு ஒன்றல்ல. புதுவீட்டுக்கு ஒன்று, மானியத்துக்கு வேறொன்று, வாடகை வீட்டுக்கு இன்னொன்று என்று ஏழெட்டு இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, விண்ணப்பப் படிவத்தில் யார் யார் பெயரை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குடும்பம் வரம்புக்கு உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எண்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி.

14,000 வெள்ளி வரம்பு சரியாக எதற்கு?

குடும்பமாக விண்ணப்பித்து, வீவகவிடமிருந்து நேரடியாகப் புதுவீடு வாங்குவதற்கு. அதாவது பிடிஓ (முன்பதிவின்பேரில் கட்டித் தரும்) வீட்டுக்கு. மாத மொத்த வருமானம் 14,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது.

"மொத்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். மத்திய சேமநிதிப் (மசேநிதி) பிடித்தமும் வருமான வரியும் போவதற்கு முன்னால் உள்ள தொகை அது. வங்கிக் கணக்கில் விழும் சம்பளத்தைப் பார்த்து "நமக்கு நிறைய இடமிருக்கிறது" என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 55 வயதுக்கு உட்பட்டவரின் சம்பளத்தில் 20 விழுக்காடு மசேநிதிக்குப் போகிறது. கையில் 5,600 வெள்ளி வாங்குகிறவரின் மொத்தச் சம்பளம் 7,000. கணவன், மனைவி இருவருக்கும் அப்படியென்றால் கையில் வருவது 11,200தான், ஆனால் கணக்கில் சரியாக 14,000. இருவரில் ஒருவருக்கு நூறு வெள்ளி சம்பள உயர்வு வந்தால்கூடப் போச்சு. முதலாளி தன் பங்குக்குச் செலுத்தும் மசேநிதி இதில் சேராது.

எல்லாப் புதுவீட்டுக்கும் 14,000 இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 99 ஆண்டுக் குத்தகையில் வரும் ஈரறை ஃபிளெக்ஸி எனும் சிறிய வீட்டுக்கு வரம்பு 7,000. மூவறை வீட்டுக்குத் திட்டத்தைப் பொறுத்துச் சில இடங்களில் 7,000, சில இடங்களில் 14,000. நாலறைக்கும் அதற்கு மேலும் 14,000.

இந்த எண் எப்போதாவது மாறுமா?

மாறும், ஆனால் அவசரப்படாமல். 1994 முதல் 2011 வரை 8,000 வெள்ளியிலேயே நின்றது. 2011இல் 10,000, 2015இல் 12,000, 2019 செப்டம்பரில் 14,000. அதற்குப் பிறகு சம்பளங்கள் ஏறின, வரம்பு அங்கேயே இருக்கிறது. தேசிய வளர்ச்சி அமைச்சராக 2025இல் பொறுப்பேற்ற சீ ஹொங் டாட், வருமான வரம்பும் தனியாள்களுக்கான வயது வரம்பும் மறுபரிசீலனையில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதை நம்பி விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை. வரம்பு ஏறும் நாளில் உங்களோடு வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையும் ஏறும்.

யார் யாருடைய வருமானத்தைக் கூட்டுவார்கள்?

படிவத்தில் பெயர் உள்ள எல்லாருடையதையும். விண்ணப்பதாரர்கள் மட்டுமல்ல, அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவர்களாகக் குறிப்பிடப்படுபவர்களின் வருமானமும் சேரும். படிவத்தில் இல்லாத அப்பா, அம்மா, அண்ணன் எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்கில் வராது.

நம் வீடுகளில் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கல்யாணமாகாத மகன், அப்பா அம்மாவோடு சேர்ந்து புதுவீட்டுக்குப் போட நினைக்கிறான். "தம்பி பேரையும் போட்டுவிடு, எல்லாரும் ஒன்றாத்தானே இருக்கப் போறோம்" என்கிறார் அம்மா. அன்போடு சொல்வதுதான். ஆனால் தம்பி வேலைக்குப் போகிறவன் என்றால் அவன் சம்பளம் அப்படியே கூடும். மகன் 6,500, அப்பா 4,000 என்றால் 10,500. தம்பியின் 4,200 சேர்ந்தால் 14,700, வரம்பு தாண்டியாகிவிட்டது.

வரம்பு தாண்டாவிட்டாலும் செலவு உண்டு. குடும்பத் தகுதிக்கு அடிப்படையாகப் பெயர் கொடுத்தவர், அதாவது முக்கியக் குடியிருப்பாளர், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை அந்த வீட்டோடு கட்டுண்டவர். சாதாரணமாக அது 5 ஆண்டு. நல்ல இடங்களில் கட்டி, கூடுதல் நிபந்தனைகளோடு விற்கும் பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்கு 10 ஆண்டு. அதற்குள் அவர் தனியார் வீடு வாங்க முடியாது. ஆகவே அப்படிப் பெயர் சேர்ப்பதற்கு முன்னால் அந்தத் தம்பியையே கூப்பிட்டு, அடுத்த ஐந்து, பத்து ஆண்டில் அவன் திட்டம் என்ன என்று கேட்பது நல்லது.

அப்படியானால் 21,000 வெள்ளி வரம்பு என்கிறார்களே, அது யாருக்கு?

கூட்டுக் குடும்பமாக வாங்குபவர்களுக்கு. திருமணமான தம்பதி, பெற்றோரோடு சேர்ந்து ஒரே வீட்டுக்கு விண்ணப்பிப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணவன் மனைவிக்கு 13,000. கூடவே வரப்போகும் மாமியார் துப்புரவு வேலையில் 1,900 சம்பாதிக்கிறார். கூட்டினால் 14,900. தம்பதிக்கு உரிய வரம்பைத் தாண்டுகிறது, ஆனால் கூட்டுக் குடும்பத்துக்கு உரிய 21,000க்குள் வசதியாக அடங்குகிறது.

மேலே சொன்ன கல்யாணமாகாத மகன், தம்பி, பெற்றோர் கூட்டணி இதில் வராது. அது ஒரே குடும்பம், கூட்டுக் குடும்பம் அல்ல. இன்னொன்று, பெரிய மானியத்துக்கான வரம்பு கூட்டுக் குடும்பத்துக்காக நீளாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எது வருமானம், எது இல்லை?

அடிப்படைச் சம்பளம், மாதாமாதம் வரும் படிகள், ஓவர்டைம், கமிஷன் எல்லாம் சேரும். போனஸ் சேராது. தேசிய சேவையில் இருக்கும் மகனுக்கு வரும் மாதப்படி சேராது. ஓய்வூதியம், ஜீவனாம்சம், பங்கு ஆதாயம், வைப்புத்தொகை வட்டி, செலவு செய்துவிட்டு நிறுவனத்திடம் திருப்பி வாங்கும் தொகை ஆகியவையும் சேரா.

ஓவர்டைம்தான் நம்மில் பலருக்குச் சங்கடம். கப்பல் பட்டறையிலும் பாதுகாவல் வேலையிலும் இருப்பவர்களுக்கு அடிப்படைச் சம்பளம் ஒன்று, கையில் வருவது வேறு. சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு வீவக எடுத்த எண் ஏன் பெரிதாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். பல மாதச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

டாக்சி, கிராப் ஓட்டுகிறேன். எனக்குச் சம்பளச் சீட்டே கிடையாதே?

சுயதொழில் செய்பவர்களுக்கு நிகர வருமானம்தான் கணக்கு. வண்டி வாடகை, பெட்ரோல் போக மிஞ்சுவது. அதற்குச் சான்று, உள்நாட்டு வருவாய் ஆணையம் அனுப்பும் வரி மதிப்பீட்டு அறிக்கை. தேக்காவில் சின்னதாகப் பூக்கடை, சாப்பாட்டுக் கடை நடத்துபவர்களுக்கும் இதே வழி.

வரி அறிவிப்பைக் குறைத்துக் காட்டிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. குறைந்த வருமானம் மானியத்துக்கு நல்லதுதான், ஆனால் அதே எண்ணை வைத்துத்தான் எவ்வளவு கடன் தரலாம் என்றும் பார்ப்பார்கள். வீட்டுக் கடனின் மாதத் தவணை மொத்த வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. 2,000 வெள்ளி வருமானம் காட்டினால் தவணை 600 வெள்ளிக்கு மேல் போக முடியாது.

மானியத்துக்கும் 14,000தானா?

இல்லை. மேம்படுத்தப்பட்ட மசேநிதி வீட்டு மானியம் என்று ஒன்று இருக்கிறது. முதல்முறை வீடு வாங்குபவர்களுக்கான பெரிய உதவி அதுதான். குடும்பங்களுக்கு அதன் வரம்பு 9,000 வெள்ளி, தனியாள்களுக்கு 4,500. 2024 ஆகஸ்டில் இதன் உச்சத் தொகை குடும்பங்களுக்கு 80,000 வெள்ளியிலிருந்து 120,000 வெள்ளியாக உயர்ந்தது. தனியாளுக்கு 60,000.

வருமானம் ஏற ஏற மானியம் படிப்படியாகக் குறையும். 1,500 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு முழு 120,000. 5,800 என்றால் 50,000. 8,501 முதல் 9,000 வரை வெறும் 5,000. ஒவ்வொரு 500 வெள்ளிக்கும் ஒரு படி. இரண்டு மூன்று வெள்ளியில் படி தாண்டிவிட்டால் ஐந்தாயிரம், பத்தாயிரம் போய்விடும். என் பார்வையில் 14,000 பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இந்தப் படிகளைப் பற்றிப் பேசச் செலவிட்டால் நிறையக் குடும்பங்களுக்கு அதிகப் பயன் இருக்கும்.

இங்கே ஒரு மாதச் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, 12 மாதச் சராசரியைப் பார்க்கிறார்கள். கூடவே ஒரு நிபந்தனை: விண்ணப்பதாரர்களில் ஒருவராவது அந்த 12 மாதமும் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், விண்ணப்பிக்கும் நேரத்திலும் வேலையில் இருக்க வேண்டும். "வேலையை விட்டுவிட்டுப் போட்டால் வருமானம் குறைவாகத் தெரியும்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். குறைவாகத் தெரிவது இருக்கட்டும், மானியமே கைநழுவும். வேலை மாறுகிறவர்கள் இடையில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பகுதிநேர வேலையும் வேலைதான்.

குத்தகைக்கும் இதில் பங்குண்டு. வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை வீட்டின் மீதக் குத்தகை வந்தால்தான் முழு மானியம். பழைய மறுவிற்பனை வீடு பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மறுவிற்பனை வீட்டுக்கு வரம்பு உண்டா?

மானியமும் வீவக கடனும் வேண்டாம் என்றால், வழக்கமான மறுவிற்பனை வீட்டுக்கு வருமான வரம்பே கிடையாது. மாதம் முப்பதாயிரம் சம்பாதிப்பவரும் ஈசூனில் நாலறை வீடு வாங்கலாம்.

மானியம் வேண்டுமென்றால் வரம்பு வந்துவிடும். முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கு நாலறை அல்லது அதற்குச் சிறிய வீட்டுக்கு 80,000 வெள்ளி, ஐந்தறை அல்லது பெரியதற்கு 50,000. இதற்கு வரம்பு 14,000, கூட்டுக் குடும்பத்துக்கு 21,000. வருமானம் 9,000க்குள் என்றால் மேலே சொன்ன மானியமும் கூடச் சேரும்.

அருகாமை வீட்டு மானியம்தான் பலர் கவனிக்காதது. அதற்கு வருமான வரம்பே இல்லை. பெற்றோரோடு ஒரே வீட்டில் வசிக்க மறுவிற்பனை வீடு வாங்கினால் 30,000, பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000. தனியாளுக்கு இதில் பாதி. அம்மா வீடு உட்லண்ட்ஸில், மகள் பார்ப்பது அட்மிரல்டியில் என்றால் தூரத்தைப் பார்த்துவிடுங்கள்.

பிளஸ், பிரைம் வீடுகள் இதில் விலக்கு. அவை பிற்காலத்தில் மறுவிற்பனைக்கு வரும்போதும் வாங்குபவருக்கு 14,000 வரம்பு பொருந்தும்.

நம்மைப் போன்றவர்களுக்கு மறுவிற்பனையில் வருமானத்தைவிட முன்னால் வந்து நிற்கும் தடை வேறு: இன ஒருங்கிணைப்புக் கொள்கையின் கீழ் வரும் பங்கு. 1989 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் விற்பவரும் அதே பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால்தான் நீங்கள் வாங்க முடியும். வருமானம், மானியம், கடன் எல்லாம் பொருந்தி வந்து கடைசியில் இதில் முட்டி நின்றவர்கள் பலர். வீடு பார்க்கப் போகும் முன்பே வீவக இணையத்தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தனியாளாக இருக்கிறேன், 35 ஆகிவிட்டது. எனக்கு?

புது ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு 7,000 வெள்ளி. 2024 அக்டோபர் முதல் தீவின் எந்தப் பகுதியில் வரும் ஈரறை ஃபிளெக்ஸிக்கும் போடலாம். அதற்கு முன்பு முதிர்ச்சியடையாத பேட்டைகளில் மட்டுமே என்று இருந்தது. மறுவிற்பனை வீடு, மானியம் இல்லாமல் என்றால் வரம்பு இல்லை. மானியத்தோடு என்றால் 7,000 வரை 40,000 வெள்ளி (நாலறை அல்லது சிறியது) அல்லது 25,000 வெள்ளி (ஐந்தறை).

கணவரை இழந்தவர்களும் மணமுறிவு பெற்றவர்களும், பிள்ளையோடு விண்ணப்பித்தால் குடும்பமாகவே கருதப்படுவார்கள். அவர்களுக்கு 7,000 என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், குடும்ப வரம்புதான்.

மனைவி தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். எங்களுக்கு என்ன வரம்பு?

அவர் எந்த அனுமதியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. நிரந்தரவாசியாகிவிட்டால் நீங்கள் சாதாரணத் தம்பதி போலத்தான், 14,000. புதுவீடு வாங்கும்போது 10,000 வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். அவர் குடியுரிமை பெற்ற பிறகு விண்ணப்பித்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறலாம்.

நீண்டகால வருகை அனுமதியிலோ வேலை அனுமதியிலோ இருந்தால், 21 வயது நிரம்பிய சிங்கப்பூரரான நீங்கள் அவரோடு சேர்ந்து புதுவீடு கேட்கலாம், ஆனால் ஈரறை ஃபிளெக்ஸி மட்டுமே, வரம்பு 7,000. அவர் இங்கே வேலை செய்தால் அந்தச் சம்பளமும் சேரும். இருவரும் நன்றாகச் சம்பாதிக்கும் தம்பதிக்கு இது இறுக்கமான கதவு. மறுவிற்பனை வீட்டுக்குப் போவோரே அதிகம்.

ஊரில் எங்கள் பெயரில் வீடு இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும். வருமான வரம்பைப் பற்றிப் பத்து முறை கேட்பவர்கள் இதை ஒரு முறைகூடக் கேட்பதில்லை. புதுவீட்டுக்கோ மானியத்துக்கோ விண்ணப்பிக்கும் எவரும், படிவத்தில் உள்ள எவரும், சிங்கப்பூரிலோ வெளிநாட்டிலோ தனியார் குடியிருப்புச் சொத்து வைத்திருக்கக் கூடாது. விண்ணப்பிப்பதற்கு முந்திய 30 மாதங்களுக்குள் அப்படி ஒன்றை விற்றிருக்கவும் கூடாது.

தஞ்சாவூரில் அப்பா எழுதிவைத்த வீடு, அண்ணன் தம்பிகளோடு பாகப்பிரிவினையில் வந்த பங்கு, மாமனார் தானமாகக் கொடுத்த அடுக்குமாடி வீடு எல்லாம் இதில் அடங்கும். விலைகொடுத்து வாங்கியது மட்டும்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். உயில் வழி வந்ததும் அன்பளிப்பாக வந்ததும் வேறொருவர் பெயரில் வாங்கி வைத்ததும் சேரும். "சும்மா பேருக்குத்தான் இருக்கு, சித்தப்பாதான் குடியிருக்கார்" என்பது பதிலாகாது. பட்டாவிலும் பத்திரத்திலும் பெயர் இருந்தால் இருக்கிறது.

வயல் போன்ற குடியிருப்பு அல்லாத நிலம் வேறு விஷயம். அங்கே கொல்லையில் ஒரு ஓட்டு வீடும் நிற்கிறது என்றால், வீவகவுக்கு எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்கை விட்டுக்கொடுக்க நினைப்பவர்கள் முதலில் பத்திரப் பதிவை முடித்து, அந்தத் தேதியிலிருந்து 30 மாதத்தை எண்ண வேண்டும்.

வரம்பைக் கொஞ்சம்தான் தாண்டுகிறோம். வழி?

மூன்று இருக்கின்றன. முதலாவது, மானியம் இல்லாத மறுவிற்பனை வீடு. பெற்றோர் அருகில் என்றால் அருகாமை மானியம் உண்டு. இரண்டாவது, தனியார் நிறுவனம் கட்டி, வருமான வரம்போடு விற்கும் எக்சிகியூட்டிவ் கொண்டோ. வரம்பு 16,000 வெள்ளி. ஆனால் வீவக கடன் கிடையாது, வங்கிக் கடன்தான், விலையும் பிடிஓவோடு ஒப்பிடக்கூடியதல்ல. வருமானம் 12,000க்குள் இருந்தால்தான் அதில் மானியம். ஆக 14,000க்கும் 16,000க்கும் இடையில் உள்ளவர்களுக்கு அது கதவைத் திறக்கிறதே தவிர, கை கொடுப்பதில்லை. மூன்றாவது, படிவத்தில் தேவையில்லாத பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது.

நான்காவதாகச் சிலர் யோசிப்பது, வருமானத்தை மறைப்பது. வேண்டாம். மசேநிதி, வரி விவரங்கள் அரசின் மின் அடையாள முறையான சிங்பாஸ் வழி நேராகவே போகின்றன. பொய்யான தகவல் கொடுத்தது நிரூபணமானால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வீட்டையே வீவக திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

வீவக கடனுக்குத் தனி வரம்பா?

ஆம். குடும்பத்துக்கு 14,000, கூட்டுக் குடும்பத்துக்கு 21,000, தனியாளுக்கு 7,000. வட்டி 2.6 விழுக்காடு, மசேநிதி சாதாரணக் கணக்கு வட்டியைவிட 0.1 கூடுதல். வீட்டு விலையில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். 2024 ஆகஸ்டுக்கு முன்னால் 80.

படிப்பிலும் தேசிய சேவையிலும் இருக்கிறோம். வருமானமே இல்லையே?

இளம் தம்பதிக்கு வருமான மதிப்பீட்டைத் தள்ளிவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. இப்போது விண்ணப்பித்துவிட்டு, மானியத்துக்கும் கடனுக்குமான மதிப்பீட்டைச் சாவி வாங்கும் நேரத்தை ஒட்டிச் செய்துகொள்ளலாம். 2024 ஜூன் விற்பனையிலிருந்து இருவரில் ஒருவர் முழுநேர மாணவராகவோ தேசிய சேவையாளராகவோ இருந்தாலே போதும். முன்பு இருவருமே அப்படி இருக்க வேண்டும்.

விண்ணப்பித்த பிறகு சம்பளம் ஏறினால் வீடு போய்விடுமா?

போகாது. தகுதி பார்க்கப்படுவது ஹெச்எஃப்இ கடிதம் எனும் வீட்டுத் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போது. 2023 மே மாதம் முதல் பிடிஓ, மறுவிற்பனை, வீவக கடன் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கடிதம்தான் நுழைவு. ஒன்பது மாதம் செல்லும். வாங்கும் தகுதி, மானியத் தொகை, கடன் தொகை மூன்றும் அதில் இருக்கும். வீட்டைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்த பிறகு பதவி உயர்வு வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பிடிஓ விற்பனை அறிவிப்பு வந்த பிறகு கடிதத்துக்குப் போடுவது தாமதம். பரிசீலனைக்கு வாரக்கணக்கில் ஆகும், விற்பனை நேரத்தில் கூட்டமும் அதிகம். ஆண்டு இறுதியில் சம்பள உயர்வு வரும் என்று தெரிந்தவர்கள், அதற்கு முன்பே கடிதத்தைக் கையில் வாங்கிவைப்பதில் எந்தத் தவறும் இல்லை.

வாடகை வீட்டுக்கு எவ்வளவு?

வீவக பொது வாடகை வீட்டுக்குக் குடும்ப மாத வருமானம் 1,500 வெள்ளியைத் தாண்டக்கூடாது. வேறு வீடு இருக்கக்கூடாது. வயதான பெற்றோர் கேட்டால், பிள்ளைகளால் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதையும் பார்ப்பார்கள். 800 வெள்ளிக்குள் வருமானம் உள்ள முதல்முறை விண்ணப்பதாரருக்கு ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 முதல் 33 வெள்ளி, ஈரறைக்கு 44 முதல் 75. வருமானம் 801 முதல் 1,500 வரை என்றால் ஓரறைக்கு 90 முதல் 123.

குத்தகை ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அப்போது வருமானம் ஏறியிருந்தால் வாடகையும் ஏறலாம். இந்தப் பயத்தில் கூடுதல் வேலை நேரத்தை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்கள் சொந்த வீடு வாங்க ‘புதிய தொடக்கம்’ வீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமான வரம்பு 7,000, மானியம் 75,000 வெள்ளி. முன்பு ஒரு முறை வீவக வீடு வாங்கி இழந்த குடும்பங்களுக்காகத் தொடங்கியது, இப்போது முதல்முறை வாங்குபவர்களுக்கும் உண்டு. 1,500க்குக் கீழே இருக்கவேண்டும் என்று முயல்வதைவிட 7,000 வரை இடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது மேல்.

புதுவீடு கட்டி முடியும்வரை எங்கே இருப்பது?

பிடிஓ வீட்டுக்குக் காத்திருக்கும் மணமானவர்களுக்கு வீவகவிடம் தற்காலிக வாடகை வீட்டுத் திட்டம் உண்டு, வரம்பு 7,000. வீடுகளுக்குப் போட்டி அதிகம்.

அப்பா அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது. பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்னதுக்குப் போக நினைக்கிறார்கள்.

55 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறுகிய குத்தகை ஈரறை ஃபிளெக்ஸி இருக்கிறது. இதற்கு மட்டும் வரம்பு 14,000. குத்தகை 15 முதல் 45 ஆண்டு வரை, ஐந்தைந்தாகத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் வாங்குபவர்களுக்கும் அவர்களின் துணைக்கும் குறைந்தது 95 வயது வரை அது வர வேண்டும். மகனோ மகளோ வேலைக்குப் போகிறவராக இருந்து அதே படிவத்தில் இருந்தால் அவர் சம்பளமும் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

வரம்பைத் தாண்டியதால் மறுத்துவிட்டார்கள். முறையிடலாமா?

முறையிடலாம். ஒவ்வொரு குடும்பத்தின் சூழலையும் தனித்தனியாகப் பார்ப்பதாக வீவக சொல்கிறது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதித் தருவார்கள். ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். கடந்த ஓராண்டுச் சம்பளச் சீட்டுகள், மசேநிதி வரவுப் பட்டியல், வரி மதிப்பீட்டு அறிக்கை, வேலை போயிருந்தால் அதற்கான கடிதம், மருத்துவச் செலவு என்றால் அதன் ரசீதுகள் ஆகியவற்றோடு வீவக அனுப்பிய மறுப்புக் கடிதத்தையும் எடுத்துப் போங்கள். ஓவர்டைம் தற்காலிகமாக ஏறியிருந்த மாதங்களால் எண் கூடியிருந்தால், இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று நிறுவனத்திடம் ஒரு கடிதம் வாங்கி அதையும் சேர்த்துவிடுங்கள்.